பாய்லருக்குப் போற வைரம்

நேத்து ராத்திரி தம்பி வாட்ஸ்அப்புல ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். கையகல மரத்துண்டு ஒண்ணு, மேல ‘ஆப்பிரிக்கன் பிளாக்வுட்’னு ஸ்டிக்கர். விலை 1,850 ரூபாய், கூரியர் தனி. கீழ, “வாங்கட்டுமாக்கா?”

அவன் மரத்துல பேனா கடையக் கத்துக்க ஆரம்பிச்சு மூணு மாசம் ஆகுது. அதுல ரெண்டு மாசம் உளி தீட்டப் பழகவே போச்சு. அந்தக் கட்டையை மெஷின்ல மாட்டி உளி வெச்சதும் ஒரு சில்லு தெறிச்சா, 1,850 ரூபாயும் கூட்டிப் பெருக்கி அள்ளுற தூள்தான். “வாங்காத கண்ணு, ஞாயித்துக்கிழமை வா”ன்னு பதில் போட்டுட்டு, அவனுக்குச் சொல்ல வேண்டியதை எழுத உட்கார்ந்தேன். அவனுக்கு மட்டும் எதுக்கு? மரத்துல சின்னதா ஏதாச்சும் செஞ்சு பாக்கணும்னு நினைக்கிற எல்லாத் தம்பி தங்கச்சிகளுக்கும் ஆகட்டும்.

நான் ஆசாரி வீட்டுப் பொண்ணு இல்லை. திருப்பூர்–தாராபுரம் ரோடும் கோவை–திருச்சி ரோடும் சந்திக்கிற அவிநாசிபாளையத்துல, வீட்டுக்குக் கீழ ஆறு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் தைக்கிறவ. ஒரு தடவை ஹென்லி டி-சர்ட் சாம்பிளுக்கு மரப்பட்டன் கேட்டாங்க. 24 லைன். 40 லைன் சேர்ந்தா ஒரு இன்ச், அப்ப 24 லைன்னா 15 மில்லி. கடையில அந்தக் கலர் கிடைக்கலை. பழைய தேக்கு ரீப்பர் ஒண்ணை அறுத்து, ஓட்டை போட்டு, உப்புத்தாள்ல தேய்ச்சு நானே பத்து பட்டன் செஞ்சு கொடுத்தேன். ஆர்டர் வரலை. ஆனா எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு. இப்ப மொட்டை மாடி தகரக் கொட்டாய்ல ஒரு சின்ன லேத்தும் ஒரு ரம்பமும் கிடக்குது. பட்டன், கொண்டைக்குச்சி, மத்து, பல்லாங்குழிப் பலகைன்னு ஏதோ ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு.

முதல்ல ஒரு கணக்கு. 20 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 6 மில்லி கனத்துல ஒரு பலகை இருந்தா, ரம்பம் தின்னுற இடத்தையும் சேர்த்து, 24 லைன் பட்டன் 50 வரும். உன் பள்ளிக்கூட நோட்டுல பாதி அளவு. சின்ன வேலைக்கு மரம் தேடும்போது மரக்கடைக்காரர் மாதிரி யோசிச்சா காசுதான் போகும். வீடு கட்டுறவங்களுக்கு எட்டடி நீளம் வேணும், நேர் ஓட்டம் வேணும். நமக்கு அவங்க கழிச்சுப் போட்டதுதான் வேணும்.

அந்த ஆப்பிரிக்க மரத்துக்கு என்ன அழகுங்கறே? கறுப்பு, கனம், வழவழப்பு. அதெல்லாம் நம்ம ஊர்ல எங்க இருக்குன்னு கேட்டா, சாயப்பட்டறைக்குப் பின்னாடி இருக்குன்னு சொல்வேன்.

விறகு மண்டியில என்ன கிடக்குது

சாயப்பட்டறைக்கும், துணியை அமுக்கிச் சுருக்கம் எடுக்குற காம்பாக்டிங்குக்கும் நீராவி வேணும். நீராவிக்கு பாய்லர். பாய்லருக்கு லாரி லாரியா விறகு வருது. ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக்கருவேலம், தோட்டத்துல சாய்ஞ்ச புளி, வேம்பு, வாகை, கருவேலம், பட்டுப்போன மா, எல்லாம் கலந்து மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும். நான் முதல் தடவை அந்தக் குவியல்ல ஒரு புளியங்கட்டையைக் கத்தியால செதுக்கி, கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாத்தேன். கரும் ஊதாவுல காப்பிக்கொட்டை நிறம் கலந்து, நடுவுல மின்னல் மாதிரி கறுப்புக் கோடு. தாய்லாந்துல இதே புளியை வட்ட வட்டமா அறுத்து வெட்டுப்பலகையா விக்கிறாங்க. நம்ம கறிக்கடைக்காரர் எந்தக் கட்டை மேல வெச்சு வெட்டுறாருன்னு பாரு, அதுவும் புளிதான்.

சீமைக்கருவேலத்தைச் சொன்னா சிரிப்பீங்க. அரசாங்கமே வேரோட புடுங்கச் சொல்ற மரம். அமெரிக்கக் கண்டத்துல இருந்து 1870-கள்ல விதை வந்து, இங்க மெட்ராஸ் மாகாணத்துல ஊன்றினது. அதோட நெருங்கின சொந்தக்காரன் மெஸ்கீட். டெக்சாஸ்ல அந்த மெஸ்கீட்டை மேசையா, தரைப்பலகையா செஞ்சு பெருமையா போட்டுக்கறாங்க. காரணம் இருக்கு. துணிக்கு நீளவாக்குல எவ்வளவு, அகலவாக்குல எவ்வளவுன்னு ஷ்ரிங்கேஜ் பாக்குறோமில்ல? மரத்துக்கும் அது உண்டு. ஆண்டு வளையத்தை ஒட்டின திசையில அதிகமா சுருங்கும், நடுவுல இருந்து பட்டையைப் பாத்த திசையில கம்மியா சுருங்கும். அந்த வித்தியாசம்தான் பலகை கோணுறதுக்கும் வெடிக்கிறதுக்கும் பாதிக் காரணம். மெஸ்கீட் சாதியில ரெண்டு சுருக்கமும் குறைவு, கிட்டத்தட்ட ஒரே அளவு. அதனால காஞ்ச சீமைக்கருவேலம் ஒருக்கா உருவம் புடிச்சா அப்படியே நிக்கும். குறை என்னன்னா நேர்த்துண்டு கிடைக்காது, வளைஞ்சு நெளிஞ்சுதான் இருக்கும். ஒரு முழ நீளத்துக்கு மேல எதிர்பாக்காத. பேனாவுக்கு எதுக்கு முழம்? ஆனா காட்டுல நீயே போய் ஒடிக்காத. அந்த முள்ளு காலணியையும் துளைக்கும்.

மண்டிக்குப் போறதுக்கு ஒரு முறை இருக்கு. லாரி இறங்குற நேரத்துல போகாத. மேஸ்திரி ஓய்வா இருக்கும்போது போய், எதுக்கு வேணும்னு உண்மையைச் சொல்லு. கையில ஒரு பட்டன் இல்லாட்டி ஒரு பேனாவைக் கொண்டுபோய்க் காட்டு. “இந்த விறகுலயா செஞ்சீங்க?”ன்னு அவர் திருப்பித் திருப்பிப் பாத்தாருன்னா வேலை முடிஞ்சுது. அடுத்த தடவை அவரே நல்ல கட்டையா ஓரமா எடுத்து வெச்சிருப்பார். போன தடவை 14 கிலோவுக்கு 150 ரூபாய் கொடுத்தேன், கூட ரெண்டு டீ. அந்த 14 கிலோவுல நான் நாலு மாசம் வேலை செஞ்சிருக்கேன்.

எதை எடுக்குறதுன்னு கேட்டா, பிளக்க முடியாம ஒதுக்கிப் போட்ட முண்டுகளை எடு. கிளை பிரியுற கவட்டையும் கணுவும் கோடாலிக்கு மசியாது. பாய்லர் வாய்க்குள்ளயும் சரியா போகாது. ஆனா அழகான ரேகை முழுக்க அங்கதான். ரெண்டு கிளையோட நார் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டு, அறுத்துப் பாத்தா மயில் தோகையை விரிச்ச மாதிரி இருக்கும். இதே ரேகையை வெளிநாட்டுல தனி விலை வெச்சு விக்கிறாங்க. நம்ம மண்டியில அதுதான் கழிசல்.

குவியலோட மேல்கட்டை பச்சையா இருக்கும், அடிக்கட்டை காஞ்சிருக்கும். ரெண்டு துண்டை ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாரு. காஞ்சதுன்னா ‘டங்’குனு கேக்கும், பச்சைன்னா சத்தம் அமுங்கிப் போகும். வெட்டுமுகத்துல வெளிச்சுற்று வெளுப்பா, உள்வட்டம் கருப்பா இருக்கும். அந்த உள்வட்டத்தைத்தான் நம்ம ஆளுக வைரம்னு சொல்றது. வெளுப்புல மாவு மாதிரி தூள் கொட்டுச்சுன்னா வண்டு உள்ள இருக்குன்னு அர்த்தம். வைரத்துக்குள்ள அது பெரும்பாலும் போகாது. இருந்தாலும் அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய அலமாரிக்குப் பக்கத்துல வெச்சுடாத. நான் வெச்சேன். அம்மாகிட்ட இன்னும் பேச்சு வாங்கிட்டிருக்கேன்.

பீப்பி ஊதின மரம்

எனக்குப் புடிச்சது எதுன்னு கேட்டா யோசிக்காம பூவரசுன்னு சொல்வேன். சின்ன வயசுல இலையைச் சுருட்டி பீப்பி ஊதுனமே, அதேதான். கிணத்து மேட்டுலயும் வரப்புலயும் போத்து நட்டு வளத்தது. கிணறு இடிஞ்சு வீட்டுமனை ஆகும்போது முதல்ல சாயுற மரமும் அதுதான். வெளிப்பக்கம் வெளிர் மஞ்சள், உள்ள சாக்லேட்டுல செம்மை கலந்த நிறம். கடையும்போது லேசா ரோஜா வாசம் வரும். வெளிநாட்டுக்காரங்க இதை பசிபிக் ரோஸ்வுட்னு கூப்பிடறாங்க. ஹவாய்த் தீவுல இதுக்கு மிலோன்னு பேரு. அங்க சாப்பாட்டுக் கிண்ணம் கடைய பழங்காலத்துல இருந்தே இதைத்தான் விரும்பினாங்க, ஏன்னா சோத்துல மரவாசம் ஏறாது. கரண்டி, மத்து, உப்புக்கிண்ணம் செய்யறவங்க இதைக் குறிச்சு வெச்சுக்கங்க.

ஆனா பச்சைப் பூவரசை வாங்கினா பொறுமை வேணும். நான் முதல் கட்டையை ஆடி மாசத்துல மாடியில வெச்சேன். நம்ம பக்கத்து ஆடிக்காத்தைப் பத்தி உனக்குத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியா வந்து பல்லடம், உடுமலை, தாராபுரம் காத்தாடி எல்லாத்தையும் சுத்துற காத்து, என் கட்டையை விட்டுருமா? மூணாவது நாள் ரெண்டு முனையிலயும் விரல் நுழையற விரிசல். வெட்டுமுகம் வழியாத்தான் ஈரம் வேகமா ஓடும். அங்க வேகமா சுருங்குது, நடு உடம்பு சுருங்கலை, அதான் வெடிப்பு. இப்பல்லாம் கட்டை வீட்டுக்கு வந்த அன்னைக்கே ரெண்டு முனையிலயும் உருக்கின மெழுகு. மெழுகு இல்லாட்டி பெவிகாலைக் கெட்டியா ரெண்டு கோட்டு. வேலைக்கு எடுக்கும்போது ரெண்டு பக்கமும் ஒரு இன்ச்சை வெட்டிக் கழிச்சுடறேன்.

கட்டையை முழுசா காய விடாத. நடுவுல பிளந்து, மரத்தோட நடுப்புள்ளியை ஒதுக்கி, செய்யப்போற சாமானை விட கொஞ்சம் பெருசா துண்டு போட்டு, துண்டுக்குத் துண்டு நடுவுல குச்சி வெச்சு நிழல்ல அடுக்கு. ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு வருஷம்னு பெரியவங்க சொல்ற கணக்கு பெரிய பலகைக்குச் சரி. சின்னத் துண்டு மூணு நாலு மாசத்துல காஞ்சுரும். காஞ்சதா இல்லையான்னு பாக்க மீட்டர் வாங்காத. துணியோட ஜி.எஸ்.எம். பாக்குற தராசு வீட்டுல இருக்கே! துண்டு மேல தேதியையும் எடையையும் பென்சில்ல எழுதி வெச்சிரு. என்கிட்ட இருக்குற ஒரு பூவரசுத் துண்டு வந்த அன்னைக்கு 412 கிராம், மூணு மாசம் கழிச்சு 318, அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு 317. எடை நின்னுருச்சுன்னா மரமும் நின்னுருச்சு.

இன்னொண்ணு. பனியன் துவைச்சதும் சைடு தையல் முன்னாடி வந்து நிக்குமே, ஸ்பைராலிட்டி, அது மரத்துலயும் உண்டு. பட்டையை உரிச்சுப் பாத்தா நார் நேரா ஓடாம தண்டைச் சுத்தி ஏறியிருக்கும். அந்த மரம் காயும்போது முறுக்கும். பலகைக்கு எடுக்காத, பட்டனுக்கு எடு.

பொய்க் கறுப்பு

கருங்காலி மாலை மோகம் கிளம்பினப்ப நானும் ஏமாந்தேன். மாலைக்கு ஆசைப்படலை, கட்டைக்குத்தான் ஆசைப்பட்டேன். கருங்காலி வைரம்னு ஒருத்தர்கிட்ட நாலு துண்டு வாங்கினேன். தண்ணியில போட்டுக் காட்டினார், முங்குச்சு. நம்பிட்டேன். வீட்டுக்கு வந்து கடைஞ்சா ரெண்டு மில்லிக்குக் கீழ வெளுத்த மஞ்சள்! ஏதோ கனமான மரத்தைச் சாயத்துல ஊற வெச்சிருக்காங்க. சாயத்துல பொழைக்கிற ஊர்க்காரி சாயத்துலயே ஏமாந்தேன்னு வீட்டுக்காரர் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்.

தண்ணிச் சோதனைய நம்பாத. நிஜக் கருங்காலி முங்கும்ங்கறது வாஸ்தவம், ஆனா கனமான வேற வைரமும் முங்கும், ஈரக்கட்டை எதுவும் முங்கும். நமக்குத் தெரிஞ்ச ரப்பிங் டெஸ்ட்டைப் பண்ணு. வெள்ளைப் பருத்தித் துணியை ஸ்பிரிட்ல நனைச்சு பத்து தடவை அழுத்தித் தேய். கருப்பு அப்பிக்கிட்டு வந்தா சாயம். அப்புறம் ஒரு மூலையை ஆழமா செதுக்கிக் காட்டச் சொல்லு. செதுக்க விடாதவர்கிட்ட வாங்காத.

வேங்கைக்கு ஒரு அழகான சோதனை இருக்கு. ரெண்டு சீவலைக் கண்ணாடி டம்ளர் தண்ணியில போட்டுக் கொஞ்ச நேரம் விட்டு, வெயில்ல சாய்ச்சுப் பாரு. தண்ணி மஞ்சளும் பழுப்புமா இருக்கும், ஓரத்துல மட்டும் நீலம் ஒளிரும். சக்கரைக்காரங்களுக்குன்னு விக்கிற வேங்கைக் குவளையிலயும் இதைப் பாக்கலாம். குவளை சக்கரையை இறக்குமான்னு என்னைக் கேக்காத, டாக்டரைக் கேளு.

மத்த இடங்க

நிலவும் கதவும் செய்யற பட்டறைக்குப் போனா வேங்கை, கோங்கு, படாக், மலேசியா சால்னு வகைவகையா வெட்டுத்துண்டு கிடக்கும். சாயங்காலம் அடுப்புக்குத்தான் போகும். படாக்கோட தூள் குங்குமம் மாதிரி சிவப்பு, பாத்ததும் மயங்கிருவே. வெயில் பட்டா அது பழுப்பாகிரும்னு இப்பவே தெரிஞ்சுக்க. துண்டைக் கன அடி விலைக்குச் சொன்னா பயந்து திரும்பிடாத. நீளத்தை அடியிலயும் அகலத்தையும் கனத்தையும் இன்ச்சுலயும் பெருக்கி 144-ஆல வகு. ரெண்டடி நீளம், நாலு இன்ச் அகலம், ரெண்டு இன்ச் கனம்னா 16-ஐ 144-ஆல வகுத்தா ஒரு கன அடியில ஒம்பதுல ஒரு பங்கு. கன அடி 4,500ன்னு சொன்னா இந்தத் துண்டுக்கு 500 ரூபாய். வெட்டுத்துண்டுக்கு அதுல பாதிக்கு மேல கேட்டா நான் தர மாட்டேன்.

பல்லடம், சோமனூர், மங்கலம் பக்கம் பழைய விசைத்தறியை உடைச்சு இரும்பு எடைக்குப் போடுறாங்க. இரும்பை மட்டும்தான் எடை போடுவாங்க. கூட வர்ற மரச்சாமானை யாரும் கண்டுக்கறதில்லை. நூலைச் சுமந்து ஓடுற நாடாவை எடுத்துப் பாரு. அந்தக் காலத்து இறக்குமதி நாடா பெரும்பாலும் அமெரிக்காவோட டாக்வுட், பெர்சிமன் மரத்துல செஞ்சது. நூலை உரசாம லட்சக்கணக்கான தடவை ஓடணும்னா மரம் தேயத் தேய வழவழன்னு ஆகணும், சிலும்பக் கூடாது. பெர்சிமன் யாருன்னு தெரியுமா? குன்னூர்ல விளையுற பெர்சிமன் பழத்தோட சாதி. தாவரக் குடும்பத்துல கருங்காலிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. உள்ளூர்ல பின்னாடி வந்த நாடா நிறைய அடுக்குப் பலகையை அழுத்தி ஒட்டினது. பக்கவாட்டுல கோடு கோடா பசை தெரிஞ்சா அதை விட்டுரு. நல்ல நாடாவுல நுனி இரும்பைக் கழட்டினா ரெண்டு பேனாவுக்கும் கொஞ்சம் பட்டனுக்கும் மரம் தேறும். முழு நாடாவா, நல்லா இருந்தா அறுக்காத. எங்கப்பாவோட நாடா ஒண்ணு சாமி ரூம்ல இருக்கு, அதை நான் தொடறதில்லை.

மெஷின் வந்த பெட்டி மரத்தை எல்லாரும் சொல்வாங்க. ஜெர்மனியில இருந்தும் தைவான்ல இருந்தும் நிட்டிங் மெஷின் வர்ற பெட்டி பெரும்பாலும் பைன், ஸ்ப்ரூஸ். மிருதுவான மரம். பெட்டிக்கு அடியில குறுக்கே போட்டிருக்குற கனத்த கட்டையை மட்டும் செதுக்கிப் பாரு, சில சமயம் அது கெட்டி மரமா இருக்கும். கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை ஒண்ணு இருக்கும். அதுல எச்.டி.ன்னு இருந்தா மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரியில அரைமணி நேரம் சூடு காட்டினது. எம்.பி.ன்னு இருந்தா மீதைல் புரோமைடு வாயு அடிச்சது, கரண்டிக்கும் குழந்தைங்க சாமானுக்கும் அது வேண்டாம். ஆணி இருக்கான்னு காந்தம் வெச்சுத் தடவாம அறுவை மில்லுக்குக் கொண்டு போகாத. என் கட்டையில இருந்த ஒரு ஆணி அவங்க ரம்பத்தோட பல்லைக் கொத்தா சாப்பிட்டுருச்சு. ரம்பத்துக்குக் காசும் கொடுத்து, திட்டும் வாங்கிட்டு வந்தேன்.

காங்கயம் பக்கம் மரச்செக்கு செய்யற பட்டறை தெரிஞ்சா வாகைத் துண்டு கேளு. தேக்குக்கு அண்ணன் மாதிரி நிறம், ரேகை கொஞ்சம் முரடு. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல புவிசார் குறியீடு கிடைச்சதே, அங்க சிற்பிங்க கையாளுற மரங்கள்ல வாகையும் ஒண்ணு. ரோட்டோரத் தூங்குமூஞ்சி அதுக்குச் சொந்தம். அதையும் ஹவாய்ல மங்கிபாட்னு பேர் வெச்சுக் கிண்ணமா விக்கிறாங்க.

வெள்ளை மரம் வேணும்னா வெட்பாலை. சன்னபட்ணா பொம்மை செய்யற மரம் அதுதான். தந்தம் மாதிரி வெளுப்பு, சாயம் நல்லா புடிக்கும். சீப்புக்கு வேம்பு. கறுப்பும் பொன்னுமா கோடு வேணும்னா பனை. பனைக்கு மட்டும் எல்லாம் தலைகீழ். வெளிப்பக்கம்தான் வைரம், உள்ள சோறு. அதனாலதான் தொல்காப்பியம் பனையை மரத்துல சேர்க்காம புல்லுல சேர்த்திருக்கு. இடிச்ச ஓட்டு வீட்டுப் பனஞ்சட்டம் அம்பது அறுபது வருஷம் அடுப்புப் புகையில காஞ்சது, அதுக்கு மேல நீ என்ன காய வெக்கணும்? உளி மட்டும் ஊசி மாதிரி தீட்டியிருக்கணும், இல்லாட்டி நார் நாரா பிச்சுக்கிட்டு வரும். ஒரு சிலாம்பு விரல்ல ஏறினா மூணு நாளைக்கு ஓவர்லாக் மெஷின்ல உட்கார முடியாது, அனுபவத்துல சொல்றேன்.

பர்மா தேக்குன்னு யாராச்சும் புதுப்பலகை காட்டினா கொஞ்சம் யோசி. மியான்மர் 2014 ஏப்ரல் 1-லயே உருட்டுமரம் ஏத்துமதியை நிறுத்திருச்சு. இப்ப தூத்துக்குடிக்கு வந்து செங்கோட்டை மில்லுல அறுபடற தேக்குல ஆப்பிரிக்கா, தென்னமெரிக்காத் தோட்டத்துச் சரக்கு நிறைய. அதுவும் தேக்குதான், தப்பில்லை. பர்மா விலை மட்டும் கொடுக்காத. நிஜ பர்மா வேணும்னா இடிச்ச வீட்டுச் சாமான்லதான் தேடணும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனா செட்டிநாட்டு வீட்டுத் துண்டு துக்கடா கிடைக்கும், ஆனா பழம்பொருள்னு விலை சொல்லுவாங்க. உடைஞ்ச ஜன்னல் கால், அழகில்லாத சட்டம், இப்படிக் கேளு.

தொடக்கூடாதது

சந்தனம், செம்மரம், ஈட்டி மூணும் வேண்டாம். ஈட்டிக்கு, தோதகத்தின்னும் சொல்வாங்க, தமிழ்நாட்டுல 1994-லயே தனிச்சட்டம் வந்துருச்சு. சொந்தப் பட்டா நிலத்துல நின்னாலும் நினைச்சபடி வெட்டக் கூடாதுன்னு சொன்ன சட்டம் அது. 2017-ல இருந்து ரோஸ்வுட் சாதி முழுக்கவே உலக வணிகக் கட்டுப்பாட்டுக்குள்ள இருக்கு. தம்பி அனுப்பின ஆப்பிரிக்கன் பிளாக்வுட்டும் அந்தச் சாதிதான். யாரோ ஒருத்தர் ரசீது இல்லாம கூரியர்ல அனுப்புற துண்டுக்கு நீ எதுக்குப் பதில் சொல்லணும்? பழைய கட்டில்கால் மாதிரி வீட்டுலயே இருக்குற ஈட்டியில செஞ்சுக்கோ, ஆசை தீரும்.

ரோடு அகலப்படுத்துறப்ப சாய்ச்ச புளியமரம் கேட்பாரில்லாம கிடக்குதேன்னு ரம்பத்தை எடுத்துட்டுப் போகாத. அதுக்குச் சொந்தக்காரங்க நெடுஞ்சாலைத்துறை, ஏலம் விடுவாங்க. ஏலம் எடுத்தவர்கிட்ட நுனிக்கிளை கேட்டு வாங்கு. மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுல நிக்கிற வெள்வேலமும் வைரம் பாஞ்ச அருமையான மரம், ஆனா மேய்ச்சக்காட்டுக்கு நிழலும் ஆட்டுக்குக் காயும் அதுதான் கொடுக்குது. உசுரோட நிக்கிறதை வெட்ட நான் வழி சொல்ல மாட்டேன். காத்துல ஒடிஞ்ச கிளை வருஷத்துக்கு ரெண்டாவது விழும், காட்டுக்காரரைக் கேட்டு எடுத்துக்க.

பேர் தெரியாத மரத்துல கரண்டி செய்யாத. எட்டியும் அரளியும் விறகோட விறகா வந்துரும். சந்தேகம்னா பட்டன், சாவிக்கொத்து, அதோட நிறுத்திக்க. முகக்கவசம் இல்லாம தேய்க்காத. பஞ்சுத்தூளுக்குப் பழகின நெஞ்சுதானேன்னு அலட்சியம் வேண்டாம். மரத்தூள் சிலருக்குத் தோலையே வீங்க வெச்சிரும்.

மரம் அடையாளம் பழகணும்னா கோவை கௌலி பிரவுன் ரோட்டுல இருக்குற காஸ் வன அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய்ட்டு வா. 1902-ல திறந்தது. நம்ம பக்கத்துக் காட்டு மரங்களோட துண்டுகளைப் பேர் எழுதி வெச்சிருக்காங்க. திறந்திருக்கான்னு மட்டும் விசாரிச்சுட்டுப் போ. நான் ரெண்டு தடவை போனேன். ரெண்டாவது தடவை என் பட்டன் டப்பாவைக் கையில கொண்டுபோய் ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பாத்தேன். காவலுக்கு இருந்தவர் என்னை ஒரு மாதிரியாத்தான் பாத்தார்.

தம்பி, இது உனக்கு. ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கே வந்துரு, வெயில் ஏறினா மண்டியில நிக்க முடியாது. பழைய சாக்கு ரெண்டு, சுண்ணாம்புக்கட்டி, தண்ணி பாட்டில் எடுத்துக்க. செருப்பு வேண்டாம், ஷூ போட்டுட்டு வா. மேஸ்திரிக்குன்னு புளியமரத்துல ஒரு பேனா கடைஞ்சு வெச்சிருக்கேன், ரீஃபில் மட்டும் நீ வாங்கிட்டு வா.